வயிற்றுப்போக்குக்குப் பாக்கெட்டா, உப்பு வெல்லமா, கஞ்சியா, டிரிப்ஸா? வங்கதேச ஆய்வுகளை வைத்து ஒரு ஒப்பீடு

பிள்ளைக்குக் காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது என்றால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாட்டி கஞ்சி வைக்கச் சொல்வார். பக்கத்து வீட்டம்மா உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கச் சொல்வார். மருந்துக்கடைக்காரர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்து வைப்பார். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்காது, 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பாட்டில் ஏத்திடலாம்' என்பார்.

இந்த நான்கையும் பல்லாயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அது வங்கதேசம். காலராவும் வெள்ளமும் வறுமையும் ஒருசேர வாட்டிய மண் அது. அங்கே வேறு வழியில்லாமல் தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்று உலகம் முழுக்க வயிற்றுப்போக்குக்குச் செய்யப்படும் சிகிச்சைக்கு அடித்தளம். ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு அந்த ஆய்வுகளை வைத்தே பதில் தேடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்குப் பாக்கெட்தான் முதல் தேர்வு. கஞ்சி அதற்குத் துணை. வீட்டில் கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல், பாக்கெட் கைக்குக் கிடைக்காத நேரத்துக்கு. டிரிப்ஸ், சில குறிப்பிட்ட அறிகுறிகள் தெரியும்போது மட்டும். ஏன் இந்த வரிசை என்பதுதான் விஷயம்.

டாக்காவில் காலரா ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது 1960-இல். அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். 1963-இல் மத்லப் என்ற ஆற்றோரக் கிராமப் பகுதியில் கள மருத்துவமனை வந்தது. அந்தக் காலத்தில் காலராவுக்கு இருந்த ஒரே நல்ல சிகிச்சை நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றுவது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட உடம்பிலிருந்து நீர் வெளியேறும். அத்தனையையும் ஈடுகட்ட ஒரு நோயாளிக்கே எத்தனை பாட்டில் வேண்டியிருக்கும் என்று பாருங்கள். கிராமங்களில் பாட்டிலும் கிடையாது, ஊசி போடத் தெரிந்தவர்களும் கிடையாது.

வெறும் உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் வயிற்றுப்போக்கின்போது குடல் அதை உறிஞ்சுவதில்லை. ஆனால் குடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வழி இருக்கிறது. காலரா கிருமியின் நஞ்சு அதைக் கெடுப்பதில்லை. அந்த இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்களும், ரஃபிகுல் இஸ்லாம், மஜித் மொல்லா உள்ளிட்ட வங்காளி மருத்துவர்களும் சேர்ந்து 29 காலரா நோயாளிகளிடம் செய்த ஆய்வை 1968-இல் வெளியிட்டார்கள். வாய்வழிக் கரைசல் கொடுத்ததால் நரம்பு வழி நீரின் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது. கரைசலின் கலவையைவிட அவர்கள் கைக்கொண்ட முறைதான் அந்த வெற்றிக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்து, அதே அளவைத் திரும்பக் குடிக்கக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம், நிற்கவில்லை என்பார்கள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், காலையிலிருந்து அரை டம்ளர் என்று பதில் வரும்.

1971-இல் விடுதலைப் போரின்போது அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் முகாம்களில் குவிந்தார்கள். காலரா பரவியது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலானபிஸிடம் இருந்த பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொடி கலந்து பொட்டலம் கட்டி, டிரம்களில் கரைத்து வைத்தார்கள். உறவினர்களே குவளையில் பிடித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, இந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. மருத்துவம் படிக்காத சொந்தக்காரர்கள் கையால் கொடுத்தே இந்த முடிவு கிடைத்தது. அதனால்தான் இந்தச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்ற துணிச்சல் எல்லோருக்கும் வந்தது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாக்கெட்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1975-இல் ஒரே கலவையை ஏற்றுக்கொண்டன. 2002-இல் அதைத் திருத்தி, உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தார்கள். இன்றைய பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். பழைய கலவையை விட இதில் குழந்தைகளுக்கு வாந்தியும் போக்கும் குறைந்தன. பிறகு டிரிப்ஸ் போட வேண்டி வருவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உப்பைக் குறைத்தால் காலரா நோயாளிகளுக்குச் சோடியம் குறைந்துபோகுமே என்ற பயம் மருத்துவர்களிடம் இருந்தது. டாக்காவிலும் மத்லபிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கண்காணித்துப் பார்த்தார்கள். வலிப்பு போன்ற சிக்கல்கள் மிக அரிதாகவே வந்தன. பாக்கெட்டை நம்பலாம் என்று நான் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

பாக்கெட்டின் பலவீனம் தண்ணீர் அளவுதான். இங்கே கடைகளில் இரண்டு அளவில் கிடைக்கிறது. சுமார் 21 கிராம் கொண்டது ஒரு லிட்டருக்கு, 4 கிராமுக்குச் சற்று மேலுள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அது ஆபத்து. உப்பும் சர்க்கரையும் கூடிப்போனால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக வெளியே தள்ளும், ரத்தத்தில் சோடியமும் ஏறும். வங்கதேசத்தில் அரை லிட்டருக்கான பாக்கெட் பரவலாகப் புழங்குகிறது, 'காபார் ஸ்யாலைன்' என்று பெட்டிக்கடையிலேயே கேட்டு வாங்குவார்கள். இலங்கையில் 'ஜீவனி' என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊராக இருந்தாலும், பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் படித்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைத்துவிட வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் பழரசம்போல விற்கும் இனிப்புப் பானங்கள் பல, பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைகளில் நின்றன. சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. வயிற்றுப்போக்கில் அவை நிலைமையை மோசமாக்கும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல முடிவு, ரொம்பத் தாமதமாக வந்த முடிவு. இருந்தாலும் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

உப்பும் வெல்லமும்

வங்கதேச அனுபவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1970-களின் கடைசியில் கிராமங்களுக்குப் போதிய பாக்கெட் போய்ச் சேரவில்லை. பஜ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், பாக்கெட்டுக்குக் காத்திருக்காமல் வீட்டில் இருப்பதை வைத்தே கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்தது. 'லொபொன் குர்', அதாவது உப்பும் வெல்லமும். மூன்று விரல் நுனியால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். சிட்டிகை என்றால் விரலின் முதல் ரேகை வரை, அதற்கு மேல் போகக் கூடாது. ஊழியர்களான பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் உட்கார்ந்து, நினைவில் வைக்க வேண்டிய பத்து விஷயங்களைச் சொல்லி, அவர்கள் கையாலேயே கலக்க வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் நிறைய இருந்ததால் எல்லாமே வாய்ப் பாடம், கைப் பாடம்.

அந்த ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த விதம் கவனிக்க வேண்டியது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறு ஆட்கள் போய், அந்த வீடுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, தாய்க்கு எத்தனை விஷயம் நினைவிருக்கிறது, அவர் கலக்கும் கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தார்கள். தாய் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறாரோ, அதைப் பொறுத்தே ஊழியருக்குப் பணம்.

அப்படியும் ஆரம்பத்தில் ஒரு சறுக்கல். பெண்களுக்குக் கலக்கத் தெரிந்தது, ஆனால் பிள்ளைக்குப் போகும்போது கலக்கவில்லை. விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்த ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வந்தால் அவர்கள் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசியிருக்கவில்லை. பிறகு, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஊழியர்களுக்கு விளக்கினார்கள். சந்தையிலும் மசூதியிலும் பள்ளியிலும் ஆண்களிடம் பேசினார்கள். பயன்பாடு ஏறியது. 1980 முதல் 1990 வரை ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கும் மேல் போய்ச் சேர்ந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நாமும் சிட்டிகையும் பிடியுமாகக் கலந்துகொள்ளலாமே என்று தோன்றலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் பத்தாண்டுப் பயிற்சியும் சோதனையும் இருந்தன. ஒருவர் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்காத இடத்தில், ஒருவர் சிட்டிகை இன்னொருவர் சிட்டிகையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். தவிர, சர்க்கரை சேர்த்த கரைசலில் பொட்டாசியம் கிடையாது. வெல்லத்தில் கொஞ்சம் உண்டு, ஆனால் பாக்கெட் அளவுக்கு இல்லை. சிட்ரேட் இரண்டிலும் இல்லை. வங்கதேசமே பின்னாளில் பாக்கெட் ஊர் ஊருக்குக் கிடைக்கத் தொடங்கியதும் அதன் பக்கம் நகர்ந்துவிட்டது. பாக்கெட் கிடைக்காத காலத்தில் லொபொன் குர் சரியான தேர்வு. கிடைக்கும் இடத்தில் அது இரண்டாவது தேர்வு.

நடுராத்திரி, கடை இல்லை, வீட்டில் பாக்கெட்டும் இல்லை என்றால் இப்படிக் கலக்கலாம்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொடுக்கும் முன் நீங்கள் வாயில் விட்டுப் பாருங்கள், கண்ணீரை விட உப்பு கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

கஞ்சி

பாட்டி சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது, டாக்கா அதை அளந்தே காட்டியிருக்கிறது. குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவைப் போட்டு வேகவைத்த கரைசலை மஜித் மொல்லாவும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் சோதித்தார்கள். அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடையும். அதனால் கரைசலின் அடர்த்தி ஏறாமலேயே அதிகக் குளுக்கோஸ் கிடைக்கும். 1992-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். காலரா வந்த பெரியவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் போக்கு 36 சதவீதம் குறைந்தது, காலரா வந்த குழந்தைகளுக்கு 32 சதவீதம். ஆனால் காலரா இல்லாத சாதாரண வயிற்றுப்போக்கில் குழந்தைகளுக்கு 18 சதவீதம்தான். ஒப்பிட்டது பழைய, உப்பும் குளுக்கோஸும் கூடுதலான கலவையோடு என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த யோசனையை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்து, காலரா வந்த 48 பேரிடம் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து, அங்கேயும் நீரை உறிஞ்ச வைக்கிறது. போக்கு சீக்கிரம் நின்றது. டாக்காவில் வேகவைத்த வாழைக்காயை அரிசிச் சோற்றோடு சேர்த்துக் கொடுத்த ஆய்விலும், பல நாளாக வயிற்றுப்போக்கு நிற்காத குழந்தைகள் விரைவில் தேறினார்கள். வாழைக்காயிலும் இதே வகை மாவுச்சத்து உண்டு.

ஆனால் ஆய்வில் கொடுத்தது, லிட்டருக்கு இத்தனை கிராம் மாவு, இத்தனை கிராம் உப்பு என்று அளந்து வேகவைத்த கரைசல். வீட்டுக் கஞ்சி அப்படி இருக்காது. உப்புப் போடாத வடிகஞ்சி இழந்த சோடியத்தை ஈடுகட்டாது. அரிசிக் கரைசல் சில மணி நேரத்தில் புளித்தும் போகும், கோடையில் இன்னும் சீக்கிரம். எனவே, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் கஞ்சியை உணவாகக் கொடுங்கள், கொஞ்சம் உப்புப் போட்டு, நன்றாகக் குழையவிட்டு. குடிக்கப் பாக்கெட் கரைசல். வயிற்றைக் காயப்போட வேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பட்டினி போட்ட குழந்தை மெலிந்து, அடுத்த முறை வயிற்றுப்போக்கு வரும்போது இன்னும் தாங்காமல் போகிறது. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

டிரிப்ஸ்

முன்பு சொன்ன ஆராய்ச்சிக்கூடத்துக்கு டாக்காவின் மொகாகாலி பகுதியில் இருக்கும் மருத்துவமனையை ஊர்மக்கள் காலரா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2022 மார்ச்சில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் வந்தார்கள், வளாகத்தில் கூடாரம் போட்டுப் பார்த்தார்கள். படுக்கை என்பது நடுவில் ஓட்டை விட்ட ஒரு கட்டில், கீழே வாளி. வாளியில் சேர்வதை அளப்பார்கள், அதே அளவு உள்ளே போக வேண்டும். நாடி கிடைக்காத நிலையில் தூக்கி வரப்பட்டவருக்கு வேகமாக டிரிப்ஸ் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவார். குடிக்க முடிந்ததும் கையில் குவளையைக் கொடுத்துவிடுவார்கள். உலகத்தில் வேறு யாரை விடவும் டிரிப்ஸ் போட்டுப் பழகிய இடத்திலேயே பெரும்பாலான நோயாளிகளை வாய்வழிக் கரைசலோடுதான் அனுப்புகிறார்கள். நம் ஊரில் இரண்டு தடவை போனதும் பாட்டில் கேட்கிறோம்.

டிரிப்ஸ் எப்போது தேவை? குழந்தை கண் சொருகிக் கிடக்கிறது அல்லது துவண்டு போயிருக்கிறது, குடிக்கவே முடியவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்று மெதுவாகத்தான் படிகிறது. இந்த அறிகுறிகளில் இரண்டு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. போகும் வழியிலும் விழுங்க முடிந்தால் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள். எதைக் கொடுத்தாலும் நிற்காமல் வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். பெரியவர்களுக்கும் இது பொருந்தும், குறிப்பாக வயதானவர்களுக்கு.

போடுவது எந்த பாட்டில் என்பதும் முக்கியம். பேச்சில் குளுக்கோஸ் ஏற்றுவது என்று சொல்லிச் சொல்லி, வெறும் குளுக்கோஸ் பாட்டிலே போதும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அதில் உப்பு கிடையாது. இந்த நோய்க்கு ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புகள் கலந்த பாட்டில் வேண்டும். மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். மிகவும் மெலிந்து ஊட்டச்சத்து இல்லாத குழந்தைக்கு டிரிப்ஸ் வேகமாக ஏறினால் இதயம் தாங்காது. அந்தக் குழந்தைகளுக்கு அனுபவமுள்ள மருத்துவமனைதான் சரி.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குழந்தைக்குக் கூடவே ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து மாத்திரை, கொடுக்க வேண்டும். மத்லபில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள், 2002-இல் முடிவு வெளியானது. நோய் சீக்கிரம் நின்றது, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்குவதும் குறைந்தது, விபத்தல்லாத இறப்புகள் பாதியளவுக்குக் குறைந்தன. 2004 முதல் இது உலகப் பரிந்துரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பத்து முதல் 14 நாள் வரை. போக்கு நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அத்தனை நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

சரி, வீட்டில் என்ன வைத்துக்கொள்வது? ஒரு லிட்டர் பாக்கெட் இரண்டு, ஒரு ஜிங்க் அட்டை, சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் ஒரு பாட்டில். சின்னக் குழந்தை மட்டும் இருக்கும் வீட்டில் 200 மில்லி பாக்கெட்டுகள் வசதி, வீணாகாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் இந்த ஒப்பீடே பொருந்தாது, மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தையாக இருந்தால், போக்கு லேசாகத் தெரிந்தாலும் தாய்ப்பாலோடு கரைசலைத் தொடங்கிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.